வெளியாகாத பக்கம்

அத்தியாயம் 11

நிரோஜன் கடலுக்குப் போனபோது வீட்டில் ஒருவருக்கும் மனம் சரியில்லை என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். வள்ளத்தின் எஞ்சின் சில நாட்களாக நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. திருத்துகிறவர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லித் தாய் நாகேஸ்வரி கெஞ்சிப் பார்த்தாள், பிறகு மறித்தும் பார்த்தாள். மீன் படுகிற கிழமையில் வள்ளத்தைக் கரையில் வைத்திருக்க அவனுக்கு மனமில்லை. கடைசியில் தன் கைபேசியில் எதையோ திறந்து தாய்க்குக் காட்டினான். அவள் வாசித்துவிட்டு விலகி நின்றாள். அவன் தன்னோடு தொழில் செய்கிற பழனியாண்டியைக் கூட்டிக்கொண்டு கடலில் இறங்கிவிட்டான்.

அது வியாழன் பின்னேரம்.

வெள்ளி விடிகிற நேரத்தில் நாகேஸ்வரியின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. ‘நிரோஜன் - கரை சேர்ந்தது.’ அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தாள். இருந்த இடத்திலேயே கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள். இரவு முழுக்கத் திறந்திருந்த கண் அப்போதுதான் மூடியது.

அந்தச் செய்தி வருவது கரைத்துணை என்ற செயலியிலிருந்து. கொக்கிளாய்ச் சங்கத்து வள்ளக்காரர் எல்லோருடைய கைபேசியிலும் அது இருக்கிறது. கடலுக்குப் போகும்போது பச்சைப் பொத்தானைத் தொட வேண்டும். திரும்பி வந்ததும் சிவப்புப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். தற்செயலாகக் கை பட்டுவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்தார்கள். பிடித்ததும் சங்கத்துத் திரையில் அந்த வள்ளத்தின் புள்ளி மறைந்துவிடும். வீட்டுக்குச் செய்தி போகும்.

நிரோஜனின் மனைவி யதுர்ஷிகா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதித்து ஆறியும் அவன் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். மற்ற வள்ளக்காரர்கள் வந்து வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய வள்ளம் இல்லை. கைபேசிக்கு எடுத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

வீட்டுக்குத் திரும்பி வந்து மாமியை எழுப்பினாள்.

“கரைக்கு வந்த மனிசன்ர ஃபோன் ஏன் மாமி எல்லைக்கு வெளியில எண்டு சொல்லுது?”

சார்ஜ் முடிந்திருக்கும் என்றாள் நாகேஸ்வரி. எஞ்சின் இப்படி இருக்கையில் இவ்வளவு தூரம் ஓடி வராமல் நாயாற்றுப் பக்கம் வள்ளத்தை ஏற்றியிருப்பான், மீனை அங்கேயே கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸில் வருவான், முந்தியும் ஒருதரம் அப்படி வந்தவன்தானே என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நடந்து முடிந்த விஷயம்போலத் தோன்றியது. செய்தியைத் திறந்து மருமகளுக்கும் காட்டினாள். அவனுடைய தங்கச்சி வேலை செய்கிற இடத்திலிருந்து வருகிற செய்தி பொய் சொல்லுமா என்று கேட்டாள்.

யதுர்ஷிகா குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

*

அந்தத் தங்கச்சி தர்மிளா, அதே நேரம், முல்லைத்தீவு நகரத்தில் தன் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். கரைத்துணையைச் செய்கிற சிறிய நிறுவனம் அது. செயலியைச் செய்கிறவர்கள் வேறு ஆட்கள். அதை எப்படிப் பாவிப்பது என்று சனத்துக்கு விளங்குகிற தமிழில் உதவிப் பக்கங்கள் எழுதுவதுதான் அவள் வேலை. பக்கங்கள் இணையத்தில் இருக்கும். ஓரத்தில் தலைப்புகளின் பட்டியல் இருக்கும். கடலில் சிக்னல் கிடையாது என்பதால், கரையில் நிற்கும்போதே ஒவ்வொரு கைபேசியும் அந்தப் பக்கங்களை இறக்கி வைத்துக்கொள்ளும்.

அவள் கதிரையில் இருக்கவும் தொலைபேசி அடித்தது. நளீர் நானா. நகரத்தில் வள்ளம் வைத்திருப்பவர், எதையும் பகிடியாகச் சொல்கிறவர். பட்டியலில் புதிதாக ‘ஆபத்தில் உதவி அழைப்பு’ என்று ஒரு தலைப்பைக் கண்டாராம். சரிவருகிறதா பார்ப்போம் என்று, வீட்டு விறாந்தையில் இருந்தபடியே பச்சையைத் தொட்டுவிட்டு, அதில் எழுதியிருக்கிற மாதிரிச் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தாராம். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. உள்ளே சமைத்துக்கொண்டிருந்த மனைவிக்குத்தான் ‘நளீர் - கரை சேர்ந்தது’ என்று செய்தி போனதாம். அவள் எட்டிப் பார்த்து எந்தக் கடலிலிருந்து வந்தீர்கள் என்று கேட்கிறாளாம். பிழை தன் ஃபோனிலா என்று கேட்டுச் சிரித்தார்.

தர்மிளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி ஒரு தலைப்பு பட்டியலில் இருக்க முடியாது. அதை எழுதியவள் அவள்தான். ஆனால் அது அடுத்த மாதம் வரப்போகிற மாற்றத்துக்காக எழுதியது.

அடுத்த மாதம் வெளிவருகிற செயலியில் சிவப்புப் பொத்தான் உதவி கேட்பதற்கு மாறும். கரை சேர்ந்ததைச் சொல்ல வேறொரு பொத்தான் வரும். சிவப்பை அழுத்தினால், பக்கத்தில் நிற்கிற வள்ளங்களின் கைபேசிகள் வழியாகக் கைமாறிக் கைமாறி அழைப்பு கரைக்கு வந்து சேரும். செயலி வெளிவருகிற நாளன்று பக்கமும் தயாராக இருக்க வேண்டும் என்பதால் அவள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள். அப்படியான பக்கங்களின் தலையில் ‘வெளியாகாதது’ என்று ஒரு குறி போடுவார்கள். பட்டியலைக் கணினிதான் தானாகச் செய்யும். குறி உள்ள பக்கத்தைக் கண்டால் விட்டுவிட்டுப் போகும். அலுவலகத்தில் இருக்கிறவர்கள் வாசிக்கலாம். வெளியே ஒருவர் கண்ணிலும் படாது.

அவள் திறந்து பார்த்தாள். குறி போட்டபடியே இருந்தது. பக்கம் பட்டியலிலும் இருந்தது, மற்றப் பக்கங்களோடு பக்கமாக, நெடுநாளாக அங்கேயே இருப்பதுபோல.

தான் எழுதியதை வாசித்தாள். ‘சிவப்புப் பொத்தானை மூன்று செக்கன் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் அழைப்பு கரைக்குக் கிடைத்துவிடும். பதற வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கிறது. எண்ணெயையும் வெளிச்சத்தையும் மிச்சம் பிடித்து வையுங்கள்.’

பயந்துபோய் நிற்கிற ஒருவனுக்குத் தெம்பு கொடுக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து எழுதிய வரிகள். இன்றைய செயலியோடு அதை வாசிக்கிறவன், நடுக்கடலில் நின்று உதவி கேட்பான். கரையோ அவன் வந்துவிட்டான் என்று நினைத்துத் தேடாமல் இருந்துவிடும்.

நளீர் நானாவிடம் அந்தப் பொத்தானை இனித் தொட வேண்டாம், தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். பக்கத்தைக் கோப்புறையிலிருந்தே வெளியில் எடுத்தாள். பட்டியலை மறுபடி செய்ய விட்டாள். புதுப் பட்டியல் வரும்வரை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வந்தது. தலைப்பு இல்லை. ஆனால் கடலில் நிற்கிற கைபேசிகளில் பழையது அப்படியே இருக்கும். அவை கரைக்குக் கிட்ட வந்தால்தான் மாறும்.

அப்போதுதான் யதுர்ஷிகா தொலைபேசி எடுத்தாள்.

அவள் சொன்னது கொஞ்சம்தான். இவர் இன்னும் வரவில்லை, நாயாற்றில் ஏறியிருப்பார் என்று மாமி சொல்கிறா, உன்னோடு கதைத்தவரா, செய்தி மட்டும் விடியவே வந்துவிட்டது.

தர்மிளா எழும்பி நின்றாள். என்ன செய்தி என்று கேட்டாள். தெரிந்த பதில்தான். என்றாலும் கேட்டாள்.

“கரை சேர்ந்தது எண்டு, மச்சாள்.”

*

நிறுவனத்தை நடத்துகிறவள் சிவனேஸ்வரி. தர்மிளாவை விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். கொழும்பில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, இந்தப் பக்கத்துப் பெட்டைகளைச் சேர்த்து இதை ஆரம்பித்தவள். அவள் உள்ளே வந்து கைப்பையை வைப்பதற்குள் தர்மிளா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். சொன்னது ஒழுங்காக வரவில்லை. ஆனால் சிவனேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. அவள் ஒன்றும் கேட்காமல் கணினிக்கு முன்னால் இருந்தாள்.

பொத்தானை எங்கே வைத்து அழுத்தினாலும் அந்த இடம் உள்ளே பதிவாகும். சங்கத்துத் திரையில் அது தெரியாது. கரை சேர்ந்த வள்ளத்தை அதற்குப் பிறகு ஏன் பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். சிவனேஸ்வரி நிரோஜனின் பதிவைத் தேடி எடுத்தாள். வரைபடம் மெல்ல மெல்ல விரிந்தது. முழுக்க நீலம். கரை எங்கே என்று பார்க்கப் படத்தை இழுத்து இழுத்துச் சுருக்க வேண்டியிருந்தது.

அழுத்தியது முதல் நாள் இரவு. கைபேசி அதை விடாமல் வைத்திருந்து, விடியப்புறம் எங்கோ ஒரு நூலளவு சிக்னல் அகப்பட்டபோது அனுப்பியிருக்கிறது.

தர்மிளா உடனே சங்கத் தலைவர் இளையதம்பிக்கு எடுத்தாள். பின்னால் எஞ்சின் சத்தமும் ஆட்களின் சத்தமுமாக இருந்தது. அவர் திரையைப் பார்த்துவிட்டு, உன்ர அண்ணன்ர புள்ளி இல்லை பிள்ளை, ஆள் வந்திட்டுது, எங்களுக்கும் செய்தி இருக்கு என்றார். இல்லை மாமா என்று அவள் தொடங்க, சத்தத்தில் விளங்கவில்லை, பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டார். திரும்ப எடுத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அந்தத் திரையை நம்புங்கள் என்று ஊர் ஊராகக் கூட்டம் வைத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவளேதான்.

சிவனேஸ்வரி கார்ச் சாவியை எடுத்தாள். வாசலில் வைத்து, சிக்னல் பிழையால் செய்தி மாறி வந்துவிட்டது என்று மட்டும் சங்கத்தில் சொல்லுவோம், பக்கத்தைப் பற்றி இப்போது வேண்டாம் என்றாள். தர்மிளா கேட்டுக்கொண்டுதான் போனாள். ஆனால் காது அதில் இருக்கவில்லை.

அளம்பில் தாண்டிச் செம்மலை தாண்டிக் கார் போனது. சோளகம் அடித்துக்கொண்டிருந்தது. வீதியோரத்து மரங்களெல்லாம் கடல் பக்கமாகச் சாய்ந்து ஆடின. கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. எஞ்சின் நின்ற வள்ளத்தை அது ஒரு நிமிஷமும் நிற்கவிடாமல் வெளியே கொண்டு போகும். தர்மிளா கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அப்படியும் சத்தம் கேட்டது.

நாயாற்றில் காரை நிற்பாட்டச் சொன்னாள். அம்மா சொன்னது சரியாக இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. மணலுக்குள் ஓடிப்போய், மீன்வாடியில் நின்றவர்களிடம் கொக்கிளாய் வள்ளம் ஏதும் ஏறியதா என்று விசாரித்தாள். இல்லை என்றார்கள். பச்சை வள்ளம், பக்கத்தில் மஞ்சள் கோடு என்றாள். இல்லை தங்கச்சி, இன்றைக்கு வெளி வள்ளம் ஒன்றும் வரவில்லை என்றார்கள். அவள் நின்ற நிலையைக் கண்டு, தண்ணீர் குடிக்கிறாயா என்று ஒருவர் கேட்டார்.

*

சங்கக் கட்டடத்தில் நாகேஸ்வரியும் யதுர்ஷிகாவும் முன்பே வந்திருந்தார்கள். மருமகளின் கரைச்சல் தாங்காமல்தான் நாகேஸ்வரி வந்தாள். கைபேசியைத் திறந்தபடியே பிடித்திருந்தாள். கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்தச் செய்தியைக் காட்டினாள். மகளைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது. இவள் வந்துவிட்டாள், இவள் சொல்லுவாள் என்பதுபோல.

இளையதம்பி வெளியே வந்தார். பின்னேரக் கடலுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர்களும் கூடினார்கள். சிவனேஸ்வரி தொண்டையைச் சரிசெய்துகொண்டு சிக்னல் என்று ஏதோ தொடங்கினாள்.

தர்மிளா குறுக்கே பேசினாள்.

“மாமா, அண்ணா கரை சேரேல்லை. அவர் உதவி கேட்டவர். அதைத்தான் எங்கட செயலி கரை சேர்ந்ததெண்டு சொல்லிப்போட்டுது.”

இளையதம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். உதவி கேட்கிறவன் ஏன் அந்தப் பொத்தானை அமத்துகிறான் என்று கேட்டார்.

“அமத்தச் சொல்லி நான் எழுதினனான். அடுத்த மாசத்துக்கெண்டு எழுதின பக்கம். வெளியில வரக்கூடாது. வந்திட்டுது. உங்கட ஃபோன் எல்லாத்திலயும் இருக்கு.”

அவள் பதிவில் கண்ட இடத்தைக் காட்டினாள். இளையதம்பி அவள் கைபேசியை வாங்கி வெயில் படாமல் கையால் மறைத்துப் பார்த்தார். இரண்டு மூன்று பேர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். இரவு அழுத்தியது, இப்போது மத்தியானம் ஆகப்போகிறது, இந்தக் காற்றுக்கு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று அவர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். சொன்ன தூரத்தைக் கேட்டு யதுர்ஷிகா நிலத்தில் இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் நிற்கவில்லை. எண்ணெய்க் கலன்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இளையதம்பி கடற்படைக்கு அறிவித்தார். கோயில் ஒலிபெருக்கியில், சிவப்புப் பொத்தானை நம்ப வேண்டாம், விடியச் செய்தி வந்த வீட்டுக்காரர் தங்கள் ஆட்களைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள் என்று அறிவித்தார்கள்.

அது ஊரைக் கலக்கிவிட்டது. பெண்கள் கைபேசிகளோடு கரைக்கு ஓடி வந்தார்கள். ஒருத்தி, மரத்துக்குக் கீழே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த கணவனின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். இன்னொருத்தி தர்மிளாவுக்கு முன்னால் வந்து நின்று, இவ்வளவு நாளும் வந்த செய்திகளில் எதையெதை நம்பினோம் நாங்கள் என்று கேட்டாள். தர்மிளா தலை குனிந்தாள்.

நாகேஸ்வரி மகளுக்குக் கிட்ட வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அந்தப் பக்கத்தைத்தான் அவன் எனக்குக் காட்டினவன். எஞ்சின் நிண்டாலும் பயமில்லை அம்மா, தங்கச்சி எழுதியிருக்கிறாள் வாசி எண்டவன். வாசிச்சனான். உன்ர எழுத்தெண்டபடியாத்தான் போகவிட்டனான்.”

சொல்லிவிட்டு அப்பால் போனாள். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை மகளோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.

*

வள்ளங்கள் போனபிறகு கரையில் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. முதலில் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக இருந்தார்கள். யாரோ பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்கள். அது ஈ மொய்த்துக் கிடந்தது.

பழனியாண்டிக்கு இந்தக் கரையில் வந்து அழ ஆள் இல்லை. மலையகத்திலிருந்து சின்ன வயதில் வந்து, கொக்கிளாயில் தங்கி, நிரோஜனின் தகப்பன் இருந்த காலத்திலிருந்து அந்த வள்ளத்தில் தொழில் செய்கிறவர். அவரையும் சேர்த்து நேர்ந்துகொள் என்று நாகேஸ்வரி மருமகளுக்குச் சொன்னது தர்மிளாவுக்குக் கேட்டது.

சிவனேஸ்வரி காருக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். தர்மிளாவைக் கையால் கூப்பிட்டாள். அருகில் போனதும் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். புதன்கிழமை கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள் அல்லவா, வரப்போகிற மாற்றங்களை அவர்களுக்குக் காட்ட வேண்டி இருந்தது. பக்கம் பட்டியலில் தெரிந்தால் லேசு என்று, குறி உள்ள பக்கங்களை விட்டுவிடு என்று கணினிக்கு இருந்த கட்டளையைத் தானே நிற்பாட்டிவிட்டாள். அவர்கள் போனதும் திருப்பிப் போட நினைத்திருந்தாள். அவர்களை வழியனுப்பி, சாப்பாடு, கதை என்று மறந்துபோய்விட்டாள்.

“உன்னில பிழையில்லை, தர்மிளா. நான்தான்.”

தர்மிளாவுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. கோபப்படுவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை. அந்தக் கட்டளையை ஒருவரும் தனியாக நிற்பாட்ட முடியாதபடி வைப்போம் என்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருதரம் கேட்டிருந்தாள். நேரம் வரட்டும் என்று சிவனேஸ்வரி சொன்னாள். அதை இப்போது எடுத்துச் சொல்லி என்ன?

சிவனேஸ்வரி மேலும் சொன்னாள். இதைச் சங்கத்தில் சொன்னால் நிறுவனம் நிற்காது. இழுத்து மூட வேண்டியதுதான். அங்கே வேலை செய்கிற பெட்டைகள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டிவரும். நீ ஏற்கனவே சொல்லிவிட்டாய். உன்னை அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், மன்னித்துவிடுவார்கள் என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

தர்மிளா திரும்பி நடந்தாள்.

யதுர்ஷிகா ஈர மணலில், அலை வந்து காலைத் தொடுகிற இடத்தில் இருந்தாள். தர்மிளா பக்கத்தில் போய் இருந்தாள். எழும்பிப் போகச் சொல்லுவாள் என்று நினைத்தாள். அவள் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்துக் கடலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“உதவி வர எவ்வளவு நேரம் செல்லும் எண்டு அந்தப் பக்கத்தில எழுதியிருக்கிறியா?”

“இல்லை.”

“அப்ப இவர் இப்பவும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.”

இருட்டில், அழைப்புக் கொடுத்தாயிற்று என்ற தைரியத்தில், மேற்கே பார்த்துக்கொண்டு இருக்கிற அண்ணன். விடிந்தும் பார்க்கிறான். வெயில் ஏறியும் பார்க்கிறான். உதவி வந்துகொண்டிருக்கிறது. அந்த வரி தர்மிளாவின் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மண்ணை அள்ளி அள்ளிப் பிடித்தாள்.

வெயில் தணியத் தொடங்கியபோது முதலில் போன வள்ளம் ஒன்று திரும்பி வந்தது. எண்ணெய்க்கு வந்ததாம். பதிவில் கண்ட இடத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். மற்றவர்கள் இன்னும் வெளியே போயிருக்கிறார்கள் என்றார்கள். நாகேஸ்வரி அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. தன் கையால் எண்ணெய்க் கலனைத் தூக்கிக் கொடுத்தாள். கலன் சரிந்து எண்ணெய் கையிலும் சேலையிலும் சிந்தியது.

இன்னொரு மணித்தியாலத்தில் வெளிச்சம் போய்விடும் என்று இளையதம்பி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருடைய தொலைபேசி அடித்தது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் ஓம், ஓம் என்றார். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை இறக்கினார்.

“வள்ளம் கிடைச்சிட்டுது. ரெண்டு பேரும் இருக்கினம். ஒராள் கதைக்கேல்லையாம்.”

எந்த ஆள் என்று யதுர்ஷிகா கேட்டாள். இரைச்சலில் பேர் விளங்கவில்லை என்றார் அவர். திருப்பி எடுத்துப் பார்த்தார். கிடைக்கவில்லை.

அந்த வள்ளம் கண்ணுக்குத் தெரியும்வரை யதுர்ஷிகா நாகேஸ்வரியின் கையைப் பிடித்தபடி நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

*

இழுத்து வந்த வள்ளத்தில் எழும்பி நின்றது நிரோஜன்.

யதுர்ஷிகா இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டாள். அவன் உதடு வெடித்திருந்தது, முகம் வெயிலில் கறுத்து வீங்கியிருந்தது. அவளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான். உடனே திரும்பி, அண்ணையைப் பார்த்துத் தூக்குங்கோ என்றான்.

பழனியாண்டி வள்ளத்தின் அடியில் படுத்திருந்தார். விடிந்த பிறகு எஞ்சினைக் கிளப்பக் கயிற்றை இழுத்து இழுத்து, ஒரு இழுவையில் கால் வழுக்கி விளிம்பில் தலை அடிபட்டதாம். கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டுதான் இருந்தாராம். பிறகு கண்ணை மூடியவர் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. அம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். சிவனேஸ்வரி காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இதில் ஏற்றுங்கள், நான் கொண்டுபோகிறேன் என்றாள்.

மண்ணில் இருத்தி வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள் நிரோஜனுக்கு. அவன் குடித்துக்கொண்டே சொன்னான். இரவு ஒரு பெரிய படகு தூரத்தில் போனதாம். பழனியாண்டி துணியில் எண்ணெய் தோய்த்துக் கொளுத்திக் காட்டுவோம் என்றாராம். வேண்டாம் அண்ணை, அழைப்புக் கொடுத்தாயிற்று, ஆட்கள் வருவார்கள், எண்ணெயை வீணாக்க வேண்டாம் என்று தடுத்தது தான்தான் என்றான். சொல்லும்போது அவன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

தர்மிளா அவன் முன்னால் முழந்தாளிட்டு இருந்தாள்.

அவன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான்.

“எங்கட அழைப்பு ஆருக்குக் கிடைச்சது? ஏன் இவ்வளவு நேரம்?”

இளையதம்பி வேறு பக்கம் பார்த்தார். பகல் முழுக்க மகளோடு கதைக்காமல் இருந்த நாகேஸ்வரிதான் முன்னால் வந்தாள். தர்மிளாவின் தலையில் கை வைத்தாள். அந்தக் கையில் எண்ணெய் மணத்தது.

“இவளுக்குத்தான் கிடைச்சது,” என்றாள். “வேற ஒருத்தருக்கும் கிடைக்கேல்லை.”

தர்மிளா அப்போதுதான் அழுதாள்.

பழனியாண்டியோடு போக யாராவது வேண்டும் என்று காரிலிருந்து குரல் வந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். நாளைக் காலமை சங்கம் கூடுகிறது, எப்படி நடந்தது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும், நீ வா பிள்ளை என்று இளையதம்பி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. வருகிறேன் மாமா என்றுவிட்டுக் காரில் ஏறினாள். பழனியாண்டியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கட்டியிருந்த துணியில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

கொக்குத்தொடுவாய் வந்ததும் சிவனேஸ்வரி, வீதியில் கண் வைத்தபடியே, நாளைக்கு அங்கே என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டாள்.

“நான் சொல்ல வேண்டியதை இண்டைக்கே சொல்லிப்போட்டன், அக்கா. நாளைக்குச் சொல்ல வேண்டியது நீங்கள்.”

சிவனேஸ்வரி காரின் வேகத்தைக் கூட்டினாள். தர்மிளா குனிந்து, பழனியாண்டியின் மூக்கருகே விரலை வைத்து மூச்சைப் பார்த்தாள். இருந்தது. ஆனால் ஏற்றியபோது இருந்த மாதிரி இல்லை.